பதினேழாம் கேள்வி

வாலிநோக்கம் விலக்கில் இறங்கும்போது
பையில் நாற்பத்திரண்டு கேள்விகள் இருந்தன.
மேலே இருப்பவர், சக தலைவர்கள், கீழே வேலை பார்ப்பவர்கள்,
அப்புறம் அவரே தனக்கு.
நாலு பக்கமும் நின்று ஒரு மனிதரை அளக்கும் தாள்.
ஒன்றிலிருந்து ஐந்து வரை.
எனக்கு நாள் கூலி, வரி தனி.

உப்பு நிறுவனத்தின் விருந்தினர் அறை.
ஏசி ஓடினால் பேச்சு கேட்கவில்லை,
நிறுத்தினால் உட்கார முடியவில்லை.
நிறுத்திவிட்டேன்.
ஜன்னலில் வெள்ளைக் குவியல்கள், சீமைக் கருவேலம்,
அதற்கும் அப்பால் கண் கூசும் ஒரு கோடு. கடல்தான்.

நிதித் தலைவர் ஹமீது சுல்தான், கீழக்கரைக்காரர்,
ஏற்றுமதிக்குத்தான் பயிற்சி வேண்டும் என்றார்.
ஏற்றுமதித் தலைவி ஜெசிந்தா
நிதிக்குத்தான் என்றார்.
இருவரும் ஒரே காரில் வந்து ஒரே காரில் போனார்கள்.

நம்புராஜன் மதியத்துக்கு மேல் வந்தார்.
உற்பத்தியின் துணைத் தலைவர், இருபத்தாறு வருடம்.
சட்டைப் பையில் போமே மானி
பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.
தண்ணி இருபத்தஞ்சுல உப்புப் பூக்கும்,
இருபத்தொம்பதுல வடிச்சு விட்றணும்,
விட்டா கசந்துபோகும் என்று
கேட்காமலே சொன்னார்.
'மனுசனுக்கு இப்பிடி ஒரு கண்ணாடிக் குழாய்
இருக்காம்மா உங்ககிட்ட?'
இல்லை சார், தாள்தான்.

அவருக்குக் கீழே பதினோரு பேர் நிரப்பிய தாள்கள்.
ஐந்து, ஐந்து, ஐந்து.
மையும் ஒன்றே.
ஒரே பேனா கை மாறிக்கொண்டே போயிருக்கிறது.
ஒரு தாளில் மட்டும்
பதினேழுக்கு எதிரே எண் இல்லை.
'தான் இல்லாதபோதும் வேலை நடக்க வழி செய்திருக்கிறார்.'
ஐந்தும் இல்லை, ஒன்றும் இல்லை.
பேனா ஊன்றி எடுத்த ஒரு புள்ளி.

யார் என்று அவர் கேட்கவில்லை.
புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'போன சித்திரை கடைசி.
பரமக்குடியில மகளுக்கு நிச்சயதார்த்தம்.
தட்டு மாத்துற நேரத்துல போன்,
இங்க மழைங்கறாங்க.
மோட்டாரப் போட்டு எறைங்கடான்னேன்.
சாவி?ன்னான்.
பட்டு வேட்டி மடியத் தொட்டுப் பாக்குறேன்,
எங்கிட்ட இருக்கு.'

சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
முந்நூறு டன்.
வரப்பில் நாற்பது பேர் நின்று
அது கரைவதைப் பார்த்திருக்கிறார்கள்.
கடப்பாரை இருந்தது. பூட்டு ஐயாவுடையது.
அறிக்கையில் 'இயற்கைச் சீற்றம்' என்று எழுதியவரும் இவரே.
ஹமீது சுல்தான் கையெழுத்துப் போட்டார்.

பெங்களூரில் மூன்று நாள் தலைமைப் பயிற்சி இருக்கிறது என்றேன்.
'மூணு நாளா? மடைய யாரு பாப்பா?'
சொன்ன பிறகுதான் அவருக்கே அது கேட்டது.

சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.
சிவப்பு நூல் கட்டிய, பல் தேய்ந்த பித்தளை.
அது அங்கே கிடக்கக் கிடக்க
மீதி இருபத்தைந்து கேள்விகளையும் முடித்தோம்.
ஓரிடத்தில் தனக்கு இரண்டு போட்டார்,
அடித்துவிட்டு மூன்று,
மூன்றை அடித்து மறுபடி இரண்டு.

தேநீர் வந்தது. வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது.
எழுந்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்,
சாவியை எடுத்துப் பேண்ட் பைக்குள் போட்டார்,
'வர்றேம்மா' என்று போய்விட்டார்.
எடுத்தது அவருக்குத் தெரியாது.

மேம்பாட்டுத் தேவை என்ற கட்டத்தில்
இரண்டு வரிக்குத்தான் இடம்.
'அதிகாரப் பகிர்வு' என்று எழுதி அடித்தேன்.
'மோட்டார் அறைக்கு இன்னொரு சாவி.'
சென்னையில் இதைப் படிக்கிறவர்
கொள்முதல் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்.
அனுப்பட்டும்.